குயர்: ‘ஓரினச்சேர்க்கை’ ஏன் பொருந்தாது?

‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் ‘விசித்திரமான’ என்பது. 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த அச்சொல், பின்னர் ஏசுசொல்லாயிற்று. 1990இல் நியூயார்க்கில் ‘குயர் நேஷன்’ இயக்கத்தார் அந்த ஏச்சையே பெயராகச் சூடிக்கொண்டபின், பால், பாலீர்ப்பு ஆகியவற்றில் பெரும்பான்மை வழக்கோடு ஒட்டாத அனைவரையும் தழுவும் பொதுச்சொல்லாக வளர்ந்தது. வரலாறு அவ்வளவே.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டத்திற்கு வரும் மொழிபெயர்ப்புகளோ, ‘குயர்’ கதைகள் அனைத்திற்கும் ‘ஓரினச்சேர்க்கைச் சிறுகதை’ என்றே பெயர் சூட்டுகின்றன. அண்மையில் படித்த கதையில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்து தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளை, மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் ஏந்தும் பெண்களோடு நிற்பதா, காவடி எடுக்கும் அண்ணன்மாரோடு நிற்பதா என்று தவிக்கிறது. கதை முழுக்கத் தேடினாலும் எந்தச் சேர்க்கையும் இல்லை. தான் யார், எவரோடு சேர்த்தி என்பதே அப்பிள்ளையின் துயரம்.

மேலும், மலேசியாவில் இனம் என்றால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பாகுபாடே முதலில் நினைவுக்கு வரும். விண்ணப்பப் படிவத்தில் நாம் நிரப்பும் ‘இனம்’ அதுதான். அப்படியானால் தமிழரைத் தமிழர் மணப்பதும் ஓரினச்சேர்க்கை ஆகிவிடாதா? ‘சேர்க்கை’யின் கேடு இதனினும் பெரிது. நம் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் ஓர் உடற்செயலைத்தான் குற்றமாக்குகின்றன. மனிதரைச் சுட்ட வேண்டிய இடத்தில் அச்செயலின் பெயரைச் சூட்டும் மொழிபெயர்ப்பாளர், கதை தொடங்குமுன்பே கதைமாந்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்.

‘தன்பாலீர்ப்பு’ நல்ல சொல். ஆயினும் அது ஒரு பகுதியினரை மட்டுமே குறிக்கும். தமிழ்நாட்டில் வழங்கும் ‘பால்புதுமையர்’ என்பதே அனைவரையும் தழுவுகிறது. பால் என்பது ‘பகு’ என்னும் வேரில் பிறந்து பிரிவைக் குறிப்பது. ஐம்பாலும் காமத்துப்பாலும் அவ்வழி வந்தவையே. (பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு, பால் என்றதும் மங்குக் கிண்ணத்தில் சொட்டும் ரப்பர்ப்பால் நினைவுக்கு வருவது வேறு கதை.) ‘புதுமை’ எனக்கு உவப்பில்லை, ஆண்தன்மை திரிந்தவரைக் குறிக்கும் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’க்குத் தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்க, இதிலென்ன புதுமை? இருப்பினும் அச்சொல் எவரையும் இழிவுபடுத்துவதில்லை, ‘விசித்திரம்’ என்ற பழைய பொருளையும் ஓரளவு தாங்குகிறது. ஆகவே ‘பால்புதுமைச் சிறுகதை’ என்று எழுதுவதே தகும். அகராதியின் முதல் வரியோடு கடமை முடிந்ததென்று எண்ணும் மொழிபெயர்ப்பாளர்கள், கதையை ஒருமுறையேனும் இறுதிவரை படித்துவிட்டுத் தலைப்பிடலாம்.