குடிவரவு கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகள் எதைத் தேடுகின்றன?

பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில், அடியில் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். வரிக்கு 44 இடங்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் நிற்கும். ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் 7, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்கி, கூட்டி, 10-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். ஓர் எண்ணைத் திருத்தியிருந்தால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். அதிகாரி தலை நிமிர்வதற்குள் கருவி இதைப் பார்த்து முடித்திருக்கும். அதன் பிறகும் அவர் கேள்வி கேட்பதற்குக் காரணம் எளிமையானது: நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பது அந்த 88 இடங்களில் எங்கும் இல்லை.

துணையோடு சேர்ந்து வாழ நாடு மாறுபவருக்கு இந்த "எதற்காக" என்பதுதான் எல்லாம். ஒரே மனிதர், ஒரே விமானம், ஒரே பெட்டி. ஆனால் "சில வாரம் அவரோடு இருந்துவிட்டுத் திரும்புவேன்" என்பதும் "இனி அவரோடுதான் வாழப்போகிறேன்" என்பதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு பயணங்கள். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், மணம் புரியவிருப்பவருக்கான விசாவில் நுழைகிறவர் 90 நாட்களுக்குள் அந்தத் துணையைத் திருமணம் செய்தாக வேண்டும். சுற்றுலா விசா கேட்பவரையோ, தங்கிவிடும் எண்ணத்தோடு வருபவர் என்றே அந்நாட்டுச் சட்டம் முதலில் கருதும். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு பயணியுடையது. ஆகவே யாரைப் பார்க்க வந்தீர்கள், எப்படி அறிமுகம், எங்கே தங்குவீர்கள், எவ்வளவு நாள், ஊரில் உங்கள் வேலை என்ன ஆயிற்று என்ற கேள்விகளில் அதிகாரி உங்கள் காதலை எடைபோடுவதில்லை. விசாவின் வகை, கையிலுள்ள ஆவணங்கள், நீங்கள் வாயால் சொல்வது ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்.

"பதற்றப்பட்டால் பொய் சொல்வதாக நினைத்துவிடுவாரோ?" என்ற கவலை ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. இந்த இடத்தில் ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 24,000-க்கும் அதிகமானோர் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். பேச்சையும் நடத்தையையும் பார்த்து மெய்யையும் பொய்யையும் பிரிப்பதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். டிபாலோவும் குழுவினரும் 2003-இல் பொய்யின் அறிகுறிகளாகச் சொல்லப்படும் 158 விஷயங்களை அலசியபோது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொய்யோடு தொடர்பே இல்லை, அல்லது மிக மெல்லிய தொடர்புதான் இருந்தது. பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பது உலகின் பல மூலைகளிலும் நிலவும் நம்பிக்கை. சோதனையில் அது தேறவில்லை.

இந்த 54 சதவீதத்தை ஒரு வரிசையில் பொருத்திப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேர் பொய் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முகத்தை மட்டும் நம்பினால் அதிகாரி அந்தப் பத்தில் ஐவரைப் பிடிப்பார். கூடவே 455 நேர்மையாளர்களையும் சந்தேகிப்பார். அப்படி ஓர் எல்லை இயங்கவே முடியாது. அமெரிக்க விமான நிலையங்களில் நடத்தை அறிகுறிகளைக் கவனிக்க 2007-லிருந்து சுமார் 90 கோடி டாலர் செலவான ஒரு திட்டம் இருந்தது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013-இல் அதை ஆராய்ந்துவிட்டு, அந்த அறிகுறிகள் பயன் தருகின்றன என்பதற்குச் சான்றில்லை, இனி ஒதுக்கும் நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது.

இன்னொரு ஆறுதலும் உண்டு. நம் உள்ளப் பதைப்பு வெளியே அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் மிகையாக நினைத்துக்கொள்கிறோம். தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில் இது அளக்கப்பட்டது. உங்களுக்குக் காதில் கேட்கும் இதயத்துடிப்பு எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை.

முகம் பயன்படாது என்றால் எது பயன்படுகிறது? உள்ளடக்கம். தாமஸ் ஆர்மராட், கோரல் டாண்டோ இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய விமான நிலையங்களில் எட்டு மாதங்கள் நடந்தது. பயணிகளோடு பயணிகளாகப் பொய்க்கதையோடு சிலர் அனுப்பப்பட்டார்கள். நடத்தை அறிகுறிகளைத் தேடிய பாதுகாப்பு ஊழியர்கள் அவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களையே கண்டுபிடித்தார்கள். சாதாரண உரையாடலைப் போலப் பேசி, பயணி சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்து, உண்மையாக அந்த வாழ்க்கையை வாழ்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதைக் கேட்டவர்கள் 66 சதவீதத்தினரைப் பிடித்தார்கள். அது விமானப் பாதுகாப்பு, இது குடிவரவு. ஆனால் அடிப்படை ஒன்றே. நல்ல அதிகாரியின் கேள்விகள் தாவித்தாவிப் போவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். "துணை என்ன வேலை செய்கிறார்?" என்பதை எவரும் மனப்பாடம் செய்துவிடலாம். "அவர் வேலைக்கு எப்படிப் போவார்?" என்பதற்கு உண்மைத் துணையிடம் ஒரு விடை இருக்கும், இல்லையென்றால் இயல்பான ஒரு "தெரியவில்லை" இருக்கும்.

ஆல்டெர்ட் வ்ரை குழுவினரின் 2009-ஆம் ஆண்டுச் சோதனை இதை அழகாகக் காட்டியது. சில ஜோடிகள் உண்மையிலேயே ஓர் உணவகத்தில் சேர்ந்து சாப்பிட்டார்கள். சில ஜோடிகள் சாப்பிட்டதாகக் கதை கட்டினார்கள். பிறகு தனித்தனியே விசாரணை. எதிர்பார்த்த கேள்விகளுக்குக் கதை கட்டியவர்களும் பொருந்தவே பதில் சொன்னார்கள். உணவகத்தின் அமைப்பை வரையுங்கள் என்றதும் பொருத்தம் கலைந்தது. இருவரின் படங்களையும் ஒப்பிட்டே சுமார் 80 சதவீதத்தினரைச் சரியாகப் பிரிக்க முடிந்தது.

ஆனால் உண்மையைச் சொல்பவருக்கும் நினைவு துரோகம் செய்யும். குறிப்பாகத் தேதிகளில். நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகெனார் ஆறு ஆண்டுகள் தன் வாழ்வின் நிகழ்ச்சிகளை யார், என்ன, எங்கே, எப்போது என்று பிரித்து எழுதிவைத்துத் தன்னையே சோதித்துக்கொண்டார். மொத்தம் 2,402 நிகழ்ச்சிகள். நினைவைத் திறக்கும் மிகச் சிறந்த சாவி "என்ன". "எப்போது" என்பது தனியாக ஏறக்குறைய எதையும் திறக்கவில்லை. மனம் நிகழ்ச்சிகளை நாட்காட்டி வரிசையில் அடுக்குவதில்லை. முதன்முதலில் சந்தித்த தேதி சட்டென்று வராதது அன்பின் குறைவு அல்ல. அதற்குமேல் மன அழுத்தம். அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசால் வகை ஹார்மோன் ஏறிய நேரத்தில், ஏற்கெனவே கற்றதை மீட்டெடுக்கும் திறன் குறைகிறது என்று 2000-இல் வெளியான ஒரு மனிதச் சோதனை காட்டியது. நீண்ட பயணம், தூக்கமின்மை, பழக்கமற்ற மொழி எல்லாம் சேர்ந்தால் சொந்தத் துணையின் தெருப் பெயரே நழுவும்.

தம்பதிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் சுவையானது. நெருங்கி வாழ்பவர்கள் நினைவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று டேனியல் வெக்னர் 1980-களில் எடுத்துரைத்தார். ஒருவர் தேதிகளை வைத்திருப்பார், மற்றவர் உறவினர் பெயர்களை வைத்திருப்பார். யாரிடம் எது இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவருடைய 1991 சோதனையில், தங்கள் போக்கில் விடப்பட்ட காதல் ஜோடிகள் அறிமுகமற்ற ஜோடிகளைவிட அதிகம் நினைவுகூர்ந்தார்கள். இன்னது உன் பொறுப்பு, இன்னது அவர் பொறுப்பு என்று வெளியிலிருந்து பிரித்துக்கொடுத்ததும், அந்நியர்களைவிடப் பின்தங்கினார்கள். கவுண்டரில் நீங்கள் நிற்கும்போது உங்கள் நினைவின் ஒரு பாதி வருகைக் கூடத்துக்கு வெளியே காத்திருக்கிறது. அந்தப் பாதியைத் தாளில் கொண்டுபோகலாம்: துணையின் முழு முகவரி, தொலைபேசி எண், சேர்ந்து மேற்கொண்ட பயணங்களின் தேதிகள், விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்பதன் நகல். எல்லாம் கைப்பையில், அச்சில் இருக்கட்டும். கைப்பேசியில் மின்சாரம் தீரலாம்.

பதில்களை வசனம்போல் ஒப்பிப்பதை மட்டும் நான் கடுமையாக எதிர்ப்பேன். நீதிமன்றங்களுக்காக ஜெர்மனியில் வளர்ந்த வாக்குமூல ஆய்வுமுறை ஒன்றில், தானாகவே திருத்திக்கொள்வதும், நினைவில்லை என்று ஒப்புக்கொள்வதும் உண்மைப் பேச்சின் அடையாளங்களாகவே எண்ணப்படுகின்றன. "மார்ச்... இல்லை, ஏப்ரலில்" என்பது நல்ல பதில். கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். நிசப்தம் வந்தால் அதை நிரப்பத் தேவையில்லை. அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. "சிக்கல் வேண்டாமே" என்று நல்லவர்கள் சொல்லும் சிறு பொய். துணையை "நண்பர்" என்பது, குடியேற வந்துவிட்டு "சுற்றிப்பார்க்க" என்பது. அமெரிக்கா, கனடா உள்ளிட்ட நாடுகளில் எல்லையில் கைப்பேசியைச் சோதிக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. துணைக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளும் பெட்டியில் உள்ள கல்விச் சான்றிதழ்களும் வேறு கதை சொல்லிவிடும். முக்கியமான செய்தியைத் திரித்துச் சொன்னதாக முடிவானால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை. அமெரிக்காவில் அந்தத் தடைக்குக் கால வரம்பே கிடையாது. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கத்தான் முடியும். பதற்றத்தால் எவரையும் இப்படித் தடுப்பதில்லை. சேர்ந்து வாழவே ஆவணங்கள் சேர்த்துப் புறப்பட்டவர்கள், தேவையே இல்லாத ஒரு சொல்லால் பிரிந்து நிற்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப் போனால் அது தண்டனை என்று நினைக்க வேண்டாம். கவுண்டரில் ஒருவருக்குச் செலவிட முடிவது மிகக் குறைந்த நேரம். ஆவணங்களை நிதானமாகப் பார்க்க வேண்டியவர்களை இரண்டாம் கட்டச் சோதனைக்கு அனுப்புவார்கள். குடியேற்ற விசாவில் முதன்முறை வருபவர்களுக்குப் பல இடங்களில் இது வழக்கமான நடைமுறையே. கேள்வி புரியவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புரிந்ததுபோல் தலையாட்டிச் சொன்ன "ஆம்" பதிவேட்டில் ஏறிவிடும். கையொப்பம் கேட்டால் முழுவதும் படித்துவிட்டு, தவறாகப் பதிந்ததைச் சுட்டிக்காட்டிய பிறகே போடுங்கள். நீங்களே தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டிருந்தாலும் அங்கேயே திருத்தலாம். அமெரிக்க நடைமுறையில், அதிகாரி கண்டுபிடிப்பதற்கு முன்பு, தாமதிக்காமல், தானாகவே திருத்திச் சொன்ன கூற்று பொய்யுரையாகக் கொள்ளப்படுவதில்லை.