மெதட்டின் பெயரை நம்பித்தான் அடுத்தவர் கோட் எழுதுகிறார்

யாழ்ப்பாணத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் கோடில் நான் முதலில் பார்ப்பது மெதட் பெயர்களைத்தான். மெதட் என்பது ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு; வேண்டிய இடத்தில் அதைப் பெயர் சொல்லி அழைப்போம். கணக்குப் பிழைத்தால் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். பெயர் பிழைத்தால் புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு கடையின் பில்லிங் புரோகிராமில் 'கெட்பில்' என்றொரு மெதட் இருந்தது. கெட் என்றால் இருப்பதை எடுத்துத் தரும், எதையும் மாற்றாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இதுவோ, பில் இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உருவாக்கி, டேட்டாபேஸில் சேமித்து, பில் இலக்கத்தையும் ஒன்று கூட்டிவிடும். பிறகு வந்தவர் பெயரை நம்பி மாத ரிப்போர்ட்டில் அதை அழைத்தார். ரிப்போர்ட்டைத் திறந்ததும் ரத்தான ஓர்டர்களுக்கெல்லாம் பில் விழுந்தது. கடைக்காரர் கணக்கு முட்டவில்லை என்று வந்து நின்றார். பைதனில் வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவில் இதே வேலைக்கு 'கெட் ஓர் கிரியேட்' என்று வெளிப்படையாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக உருவானதா என்பதையும் அது சேர்த்தே சொல்லும்.

மெதட் பெயரின் எழுத்து வடிவம் புரோகிராம் மொழிக்கு மொழி மாறும். ஜாவாவில் முதல் எழுத்து சிறியது, அடுத்த சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். சி ஷார்ப்பில் முதல் எழுத்தே பெரியது. பைதனில் 2001இல் வந்த பெப் 8 என்ற கோட் நடை வழிகாட்டி சொல்வதுபோல் எல்லாம் சிறிய எழுத்து, இடையில் அடிக்கோடு. கோ மொழியில் மட்டும் கவனம்: அங்கே முதல் எழுத்து பெரிதானால்தான் அந்த மெதட்டை வேறு பேக்கேஜிலிருந்து, அதாவது வேறு கோட் தொகுப்பிலிருந்து, அழைக்கலாம்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் மெதட் பெயராக வைக்கிறார்கள். வட்டுக்கோட்டையை ஆங்கிலத்தில் Vaddukoddai என்று எழுதிப் பழகிய கை 'கட்டணம்' என்பதற்கும் இரண்டு டி (dd) போடும். தமிழ்நாட்டு கோட் நூலகங்களைப் பார்த்துப் பழகியவர் இரண்டு ரி (tt) போடுவார். தேடினால் ஒன்று மற்றதைக் காட்டாது. ஒரே வேலைக்கு இரண்டு மெதட்கள் வளர்ந்து, வரி மாறும்போது ஒன்று மட்டும் திருத்தப்படும். தமிழ்ச் சொல் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. எழுத்துக்கூட்டலை முதலிலேயே குழுவாகப் பேசி எழுதி வையுங்கள்.

பழைய பெயரை மாற்றப் போகிறீர்களா? எடிட்டரின் ரீநேம் வசதியை மட்டும் நம்பவேண்டாம். டெம்ப்ளேட்டுக்குள்ளும் மேற்கோள் குறிக்குள்ளும் இருக்கும் பெயர்களை அது தவறவிடலாம். தனியாகத் தேடிப் பாருங்கள். வெளியார் பாவிக்கும் மெதட் என்றால், பழைய பெயரை 'இது நீக்கப்படும்' என்ற எச்சரிக்கைச் செய்தியோடு கொஞ்சக் காலம் விட்டுவைத்து, அதற்குள்ளிருந்தே புதியதை அழையுங்கள்.