ஆள் போதவில்லை என்று எழுதும் முன்

"வேலை அதிகம், கூடுதலாக நான்கு பணியிடம் வேண்டும்." பல்கலைக்கழக நிர்வாகப் பிரிவுகள் அனுப்பும் கோரிக்கைகள் பலவும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஏன் நான்கு, ஏன் மூன்று இல்லை என்று நிதிப் பிரிவு கேட்டால் பதில் இருக்காது. கடிதம் திரும்பி வரும். இருக்கிறவர்கள் இரவு வரை கோப்போடு உட்கார்ந்திருப்பார்கள்.

நிதிப் பிரிவின் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டனின் பெரிய போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தன. கடற்படைத் தலைமையக அதிகாரிகளோ 2,000இலிருந்து 3,569ஆகப் பெருகினார்கள். 1955இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் சுட்டிக்காட்டிய கணக்கு இது. அதனால் தலைகளை விட்டுவிட்டு வேலையை எண்ண வேண்டும்.

சான்றிதழ் சரிபார்ப்பு வருடத்துக்கு 9,000, ஒன்றுக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,750 மணி நேரம். 260 வேலைநாளில் விடுமுறை, விடுப்பு, பயிற்சி என்று 40 நாள் போனால் மீதி 220. நாளுக்கு ஆறரை மணி நேரம் கோப்பில் கை இருந்தால், ஒருவர் தருவது 1,430 மணி. வகுத்தால் 2.6. மூன்று பேர் போதும்.

இப்படித்தான் நானும் ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். சேர்க்கைக் காலம் வந்ததும் அந்த எண் உடைந்துபோனது. மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள்: பாதி விண்ணப்பங்கள் இரண்டு மாதத்தில் குவிந்தால் 1,875 மணி நேர வேலை, 40 நாளில் ஒருவரால் முடிவது 260 மணி. எட்டு பேர் தேவை! சான்றிதழுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் பதற்றத்தை நேரில் பார்த்த பிறகு, ஆண்டுச் சராசரியை மட்டும் நம்பி நான் எதையும் பரிந்துரைப்பதில்லை.

அதற்காக எட்டு நிரந்தரப் பணியிடம் கேட்கச் சொல்லவில்லை. தேர்வுப் பிரிவின் நெருக்கடி வேறு மாதத்தில் வரும். அங்கிருப்பவர்களுக்கு இந்த வேலையை முன்கூட்டியே பழக்கி வைத்தால் பாதிச் சுமை இறங்கும். மிச்சத்துக்குத்தான் தற்காலிக ஆட்கள்.

யாரையும் முழு நேரமும் வேலையால் நிரப்பவும் கூடாது. கோப்புகள் ஒரே சீராக வருவதில்லை. வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணிக்கும் எளிய கணக்கின்படி, ஒருவரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு கோப்பை முடிக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்கு அது காத்திருக்கும். 95 சதவீதமானால் 19 மடங்கு.

அந்த 25 நிமிடத்தை மேலதிகாரியிடம் கேட்காதீர்கள். அவர் பத்து என்பார். இரண்டு வாரம், மேசையில் இருப்பவரே குறித்துத் தரட்டும்: தொலைபேசி, திருத்தம், "என் விண்ணப்பம் என்ன ஆச்சு" என்று வருபவர்கள், எல்லாமே. இது உங்களை எடைபோட அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பயத்தில் எழுதிய எண்தான் வரும்.