தகர டப்பாவுக்குள் ஒரு படை

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த தேவிகோட்டையை 1749-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிடித்தது. அந்தச் சண்டையை மேசைமேல் ஆடிப் பார்க்க வேண்டுமானால் சிப்பாய், குதிரைப்படை என்று நூற்றுக்கணக்கில் குட்டிப் பொம்மைகள் வேண்டும். ஒவ்வொன்றும் 15 மி.மீ. உயரம், சிலர் 6 மி.மீ. பொம்மைகளிலும் ஆடுகிறார்கள். கும்பகோணத்தில் உட்கார்ந்து வண்ணம் பூசியதை மயிலாடுதுறையில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனால், இறங்குவதற்குள் பாதித் துப்பாக்கிகள் வளைந்திருக்கும். கொலு பொம்மை மாதிரி பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைக்கவும் முடியாது. நூல் ஈட்டி முனையில் மாட்டும், வண்ணம் உரியும். அதனால்தான் இந்த ஆட்டக்காரர்கள் காந்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொம்மையில் காந்தம் நேராக ஒட்டாது. பெரும்பாலும் வெள்ளீயக் கலவையில் வார்த்தவை அவை; சுவாமிமலைச் சிலையிலும் கும்பகோணம் பித்தளைக் குத்துவிளக்கிலும் காந்தம் ஒட்டாதது போலத்தான். ஆகவே நாலைந்து பொம்மைகளை ஒரு சிறிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைத் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டின் அடியில் காந்தத்தைப் பொருத்தி, இரும்பால் ஆன டப்பாவுக்குள் நிற்க வைக்கிறார்கள்.

டப்பா என்றதும் கை எவர்சில்வர் சம்படத்துக்குப் போகும். போகக் கூடாது. நிக்கலோ மாங்கனீஸோ போதிய அளவு கலந்த எவர்சில்வரில் இரும்பு அணுக்களின் அடுக்குமுறையே மாறிவிடுகிறது. காந்தம் அதைச் சட்டை செய்யாது. பாத்திரக்கடையில் காந்தம் வைத்துப் பார்த்து “ஒட்டலை, நல்ல சரக்கு” என்பார்களே, அந்தச் சோதனையை அவ்வளவாக நம்ப வேண்டாம். விலை மலிவான மாங்கனீஸ் ரகத்திலும் காந்தம் ஒட்டாது. வேடிக்கை என்னவென்றால், அதே பாத்திரத்தின் மடித்த விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டும். அழுத்தி வளைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அணுக்களின் அடுக்கு பழைய காந்தத்தன்மையுள்ள வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சரி, பிஸ்கட் டின்னை எடுத்துக்கொள்வோம். அது மெல்லிய இரும்புத் தகடு, மேலே வெள்ளீயப் பூச்சு. கனம் 0.2 அல்லது 0.3 மி.மீ. இருக்கும். இந்தக் கனம்தான் எந்தக் காந்தம் வாங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று நியோடிமியம் வில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாகக் கண்டது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்தது. மற்றது ரப்பர் காந்தத் தாள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற விளம்பர அட்டையின் அடியில் இருக்கிறதே, அதுதான். வலு என்று பார்த்தால் வில்லைக்கு முன் தாள் நிற்காது. ஆனாலும் பிஸ்கட் டின்னுக்குத் தாள்தான் பொருத்தம் என்பேன்.

காரணம் இரும்பின் தெவிட்டு நிலை. இரும்புக்குள் அடங்கக்கூடிய காந்தப்புலத்துக்குச் சுமார் 2 டெஸ்லா வரம்பு (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு நியோடிமியம் வில்லையிலிருந்து வரும் புலம் முழுவதும் தகட்டுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் பரவ வேண்டுமானால், தகடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். பிஸ்கட் டின்னில் அது இல்லை. மிச்சப் புலம் தகட்டைத் துளைத்து மறுபக்கம் போய்விடும், அதாவது கொடுத்த காசில் ஒரு பகுதி வீண்.

தாளின் கதை வேறு. அதன் ஒரு பக்கத்தில் வடதுருவமும் தென்துருவமும் மெல்லிய கோடுகளாக மாறி மாறி வரும். இரண்டு தாள்களை முகத்தோடு முகம் வைத்து இழுத்துப் பாருங்கள், ‘டக் டக்’ என்று தாவும். அது அந்தக் கோடுகள்தான். கோடு 2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோட்டிலிருந்து கிளம்பும் புலம் பக்கத்துக் கோட்டுக்குப் போனால் போதும். அதற்கு 0.1 மி.மீ. கனத் தகடுகூடத் தாராளம். புலத்தை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும் அமைப்பு சாத்தியம் என்று மாலின்சன் என்ற காந்தவியல் ஆய்வாளர் 1973-ல் காட்டினார்; ஃபிரிட்ஜ் தாள் அதற்கு நெருங்கியது. அச்சடித்த பக்கம் கதவில் ஒட்டாமல் நழுவுவது இதனால்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. கோடு எவ்வளவு குறுகலோ, புலம் அவ்வளவு சீக்கிரம் தேயும். அதே 2 மி.மீ. கோட்டுக்குக் கணக்குப் போட்டால், நடுவே 0.1 மி.மீ. காகிதம் வந்தாலே இழுவிசையில் கால்வாசி போய்விடும். விசிட்டிங் கார்டு அளவு இடைவெளி என்றால் பாதிக்கு மேல் காலி. ஆகவே டப்பாவின் அடியில் அழகுக்காகக் காகிதமோ ஸ்டிக்கரோ ஒட்டாதீர்கள். தாளையும் பலகையின் அடியில், கோடுள்ள முகம் வெளியே தெரியும்படி ஒட்டுங்கள்.

இழுவிசை தகட்டுக்குச் செங்குத்தாகத்தான் வேலை செய்யும். பஸ் பிரேக் போடும்போது பொம்மை பக்கவாட்டில் நகராமல் தடுப்பது உராய்வு. 40-க்கு 20 மி.மீ. பலகை என்றால் 8 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 40 கிராம் இழுக்கும் தாள் என்று வைத்தால் மொத்தம் 320 கிராம். ரப்பரின் உராய்வால் அதில் பாதி பக்கவாட்டில் தாங்கினாலும் 160 கிராம். நாலு பொம்மையும் பலகையும் சேர்ந்து 20 கிராம் தேறினால் அதிகம். வழவழப்பான நிக்கல் பூசிய வில்லையோ மேலே தூக்கினால் வராது, பக்கவாட்டில் தள்ளினால் சறுக்கும்.

வில்லைக்கு இன்னும் இரண்டு குறைகள். எல்லாவற்றையும் ஒரே துருவம் கீழே இருக்கும்படி ஒட்டினால், மேசையில் வரிசை கட்டும்போது பலகைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும். அப்புறம் நம் ஊர்க் காற்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு ஈரம் சும்மா விடாது. வில்லைகள் ஒன்றோடொன்று மோதி நிக்கல் பூச்சு கீறினால் உள்ளே அரிப்பு ஏறிப் பொடிப்பொடியாக உதிரும். தாளில் இருப்பது ஃபெரைட், அடிப்படையில் ஏற்கெனவே ஆக்சைடாகிவிட்ட இரும்பு. துருப்பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. டின்தான் துருப்பிடிக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கீறல்களில் மெல்லிய வார்னிஷ் தடவி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைக்கலாம்.

தாள் தோற்கும் இடமும் உண்டு. நீண்ட ஈட்டி ஏந்திய குதிரைவீரன் உயரமானவன், பலகையோ குறுகல். குலுங்கும்போது ஒரு ஓரம் சற்றே தூக்கினால் அங்கே இடைவெளி விழும், விசை சட்டென்று குறையும், மீதியும் உரிந்துகொண்டு வரும். அங்கே மட்டும் பலகையின் இரண்டு ஓரங்களிலும் 3 மி.மீ. நியோடிமியம் வில்லை ஒவ்வொன்று பதித்துவிடலாம். பசை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதையும் செய்யாதீர்கள், பலகையை அகலமாக்குங்கள். விழுங்கிய இரண்டு வில்லைகள் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்துக் கவ்வி ஓட்டை போட்டுவிடும், அறுவை சிகிச்சை வரை போகும்.