கேமராவில் பார்த்துவிட்டீர்கள், கதவைத் திறப்பது யார்?

திருச்சியில் முதியோர் மருத்துவம் பார்க்கிறேன். நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் உண்டு. ஸ்ரீரங்கம், தில்லைநகர், கே.கே. நகர் என்று போகிற வீடுகளில் பலவற்றில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருப்பார்கள், அல்லது இருவரில் ஒருவர். பிள்ளைகள் டல்லாஸிலோ சிங்கப்பூரிலோ பெங்களூருவிலோ. சில வருடங்களாக அந்த வீடுகளின் ஹாலில், டிவிக்கு மேலே, ஒரு சின்ன வெள்ளைக் கேமரா உட்கார்ந்திருக்கிறது. நான் பி.பி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து, "டாக்டர், அப்பா நேத்து நைட்டு பூரா தூங்கல" என்று மகன் பேசுவார். எனக்கும் பழகிவிட்டது.

கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் ஒன்று கேட்பேன். அப்பா தரையில் கிடப்பது உங்கள் போனில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்காரப்போவது யார்? எந்த மாடல், எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு நாள் பதிவு இருக்கும் என்பதையெல்லாம் அலசி ஆராய்ந்தவர்கள்கூட இதற்குப் பதில் யோசித்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், கேமரா இருக்கும் இடமும் ஆபத்து நடக்கும் இடமும் வேறு வேறு. பெரியவர்கள் ஹால் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது விழுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்போது விழுகிறார்கள். கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கித் தலை சுற்றும். பிராஸ்டேட்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் இதை அதிகமாக்கும். தூக்க மாத்திரை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதோடு ஈரத் தரை, வழியில் சுருண்டு கிடக்கும் மிதியடி, மங்கலான விளக்கு. குளியலறைக்குள் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆக, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வீட்டிலேயே பாதுகாப்பான மூலையை.

அதனால் கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் குளியலறையில் செலவழியுங்கள் என்பேன். டாய்லெட் பக்கத்தில் சுவரில் பிடிமானக் கம்பி. படுக்கையிலிருந்து அதுவரைக்கும் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு. மிக முக்கியமாக, கதவின் தாழ்ப்பாள். நம் வீட்டுக் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கம் திறப்பவை, உள்ளே ஒரு இரும்புத் தாழ்ப்பாளும் இருக்கும். உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டியே கிடப்பார். வெளியிலிருந்து தள்ளினாலும் திறக்காது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை மாட்டிவிட்டு, முடிந்தால் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். தச்சருக்கு அரைநாள் வேலை. வாசல் கதவுக்கும் இதேதான்: பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறது, ஆனால் அம்மா இரவில் உள்தாழ்ப்பாளும் போட்டுவிடுகிறார் என்றால் அந்தச் சாவியால் பிரயோஜனம் இல்லை.

விழுந்ததில் எலும்பு முறிவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எலும்பே முறியாமல், எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதும் ஆபத்துதான். உடல் எடை ஒரே பக்கம் அழுத்துவதால் தசைகள் நசிந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நீர்ச்சத்து வற்றும், படுக்கைப்புண் தொடங்கும். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், 90 வயதைத் தாண்டியவர்கள் விழுவதைப் பற்றி கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று வந்தது. அவசர அழைப்புப் பொத்தான் வசதி பலருக்கு இருந்தும், நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் அதைப் பயன்படுத்தவில்லை. கருவியை வாங்கிக் கொடுப்பது ஒன்று, அது பழக்கத்துக்கு வருவது வேறொன்று.

சரி, கேமராவால் என்னதான் பயன்? நிறைய உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. எனக்கு மருத்துவராக அதில் பிடித்தது, நடையைப் பார்க்க முடிவது. என் அறைக்குள் வரும்போது எல்லாரும் நிமிர்ந்துதான் நடப்பார்கள். டாக்டர் முன்னால் ஒரு கெத்து. வீட்டில் அதே மனிதர் நாற்காலி, மேஜை, சுவர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். சோபாவிலிருந்து எழ இரண்டு மூன்று முறை முயல்வார். திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்பார். இவை விழுவதற்கு முந்தைய அறிகுறிகள், பார்கின்சன் நோயின் தொடக்கமாகக்கூட இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முந்தைய நடையையும் இன்றைய நடையையும் அடுத்தடுத்துக் காட்டினால் எனக்கு அது பெரிய உதவி. அதேபோல, நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் இரவெல்லாம் எழுந்து உலாவுகிறார், போர்வையைப் பிய்க்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார் என்றால் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டியது அது.

இடையில் ஒன்று. சிபிஐ, போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மணிக்கணக்கில் பெரியவர்களை உட்காரவைத்துப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி இப்போது நிறைய நடக்கிறது. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போன் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கேமராவில் பார்த்தால் உடனே வீட்டுக்கு ஆளை அனுப்புங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும்.

கேமரா காட்டாததும் உண்டு. சோபாவில் சாய்ந்திருக்கும் அம்மா தூங்குகிறாரா, சர்க்கரை இறங்கி மயக்கத்தில் இருக்கிறாரா என்று படத்தில் தெரியாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் காலைப் பலகாரத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அசந்து கிடந்தால், "நல்லா தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்" என்று போனை மூடக் கூடாது. கூப்பிட்டுப் பேச்சுக்கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறினால், பதிலே வராவிட்டால், ஆள் போக வேண்டும்.

பேச்சு என்றதும் ஒரு குறை சொல்ல வேண்டும். கேமரா வந்தபின் சில பிள்ளைகள் போன் பண்ணுவதைக் குறைத்துவிடுகிறார்கள். "அதான் காலையில பார்த்தேனே, நல்லாத்தான இருந்தீங்க" என்கிறார்கள். இன்னும் சிலர் கேமராவைத் தணிக்கை அதிகாரிபோல ஆக்கிவிடுகிறார்கள். "ஏம்மா அந்த ஸ்வீட்டை எடுத்தீங்க, ஏம்ப்பா இன்னும் குளிக்கல" என்று டிவிக்கு மேலிருந்து குரல். அம்மா ஸ்வீட்டை விடுவதில்லை, சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார். அப்புறம் என்னிடம் வரும்போது சர்க்கரை ஏன் ஏறியது என்று கேட்டால் எனக்கும் உண்மை வராது. ஒரு வீட்டில் கேமரா மேல் எப்போதும் துவைத்த துண்டு காயும். அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "வெயில் அங்கதான் சார் வருது" என்றார். அந்தச் சுவரில் வெயில் விழ வழியே இல்லை.

அதனால் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் எடுக்கும் பதிவுகளுக்கு 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆகவே சட்டம் உங்களைக் கேட்காது, அப்பா அம்மாவின் சம்மதத்தை நீங்களாகத்தான் கேட்க வேண்டும். உங்கள் போனில் படம் எப்படித் தெரிகிறது, எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அவர்களிடமே காட்டுங்கள். புடவை மாற்றுவது எங்கே, பூஜை எங்கே, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருவது எங்கே என்று கேட்டு அந்த இடங்களைத் தவிர்க்கலாம். அணைக்கும் சுவிட்ச் அவர்கள் கைக்கு எட்டட்டும். அண்ணன் தம்பி அக்கா எல்லாரும் பார்க்கலாமா, மருமகன் மருமகள் பார்க்கலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும். விழுந்த காட்சியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள்.

மறதி நோய் இருப்பவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மூலையிலிருந்து வரும் மகனின் குரல் அவர்களுக்கு ஆறுதல் தராது, பயம் தரும். ஆள் எங்கே என்று அறை அறையாகத் தேடுவார்கள், வாசலைத் திறந்துகொண்டு வெளியே போவதும் உண்டு. அங்கே கேமராவின் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வேண்டுமானால் கூட இருப்பவரின் போனில் முகம் காட்டிப் பேசுங்கள்.

கூட இருப்பவர் என்றால் பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வரும் அட்டெண்டர் பெண். அவர் அடிக்கிறாரோ, சாப்பாடு கொடுக்காமல் விடுகிறாரோ என்ற சந்தேகத்தில்தான் பலர் கேமராவே வைக்கிறார்கள். சந்தேகம் தப்பில்லை. ஆனால் வேலைக்குச் சேரும் நாளிலேயே கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அவர் தூங்கும் இடம், உடை மாற்றும் இடம் படத்தில் விழக் கூடாது. சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். பெரியவரின் மேல்கையின் உள்பக்கம் கன்றிப்போயிருக்கிறதா, மணிக்கட்டில் கட்டிய தழும்பு இருக்கிறதா என்று நேரில் வருபவர் பார்ப்பதுபோல் எந்தக் கேமராவும் பார்க்காது.

பாஸ்வேர்டு விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கம்ப்யூட்டர் வைரஸ் போன்றது), தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கே வந்தன. நம் ஊரில் கேமரா மாட்ட வரும் பையன் தன் மெயில் ஐடியிலேயே கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. உங்கள் கணக்கில், உங்கள் பாஸ்வேர்டில், ஓடிபி பாதுகாப்போடு மாற்றிக்கொள்ளுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். கரண்ட் போனால் கேமராவும் போய்விடும்.

கேமராவே வேண்டாம் என்று அப்பா சொன்னால்? வற்புறுத்தாதீர்கள். ஜப்பானில் 2001-இலேயே சோஜிருஷி நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெட்டிலை விற்றது. தனியாக வாழும் பெரியவர் டீ போட அதை அமுக்கினால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும். படம் கிடையாது, குரல் கிடையாது. நம் வீடுகளில் காலை ஆறு மணிக்கு ரோஜாப் பூவோடு வரும் 'குட் மார்னிங்' மெசேஜும் அதே வேலையைச் செய்யும். ஏழு மணிவரை வரவில்லையா, போன் பண்ணுங்கள். குளியலறைக் கதவுக்கு ஒரு சென்சார், விழுந்தால் கண்டுகொள்ளும் கைக்கடிகாரம் என்றும் இருக்கின்றன. கடிகாரத்தை ராத்திரி கழற்றி சார்ஜில் போடுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போடுகிறார் என்றால் பகலில் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். இங்கே இரவு இரண்டு மணி என்றால் டல்லாஸில் மதியம் அல்லது பிற்பகல், மகள் விழித்திருப்பாள். சிங்கப்பூரில் அதிகாலை நாலரை, மகன் தூக்கத்தில் இருப்பான். இரவு எச்சரிக்கை யார் போனுக்குப் போக வேண்டும் என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம். எச்சரிக்கை வந்தபின் வெளிநாட்டிலிருந்து 108-ஐ அழைத்தால் போகாது. உள்ளூரில் ஒருவர்தான் அழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனை மருந்துக்கடைக்காரர், கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன் என்று இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் எண்களை உங்கள் போனில் முழு நாட்டுக் குறியீட்டோடு சேமித்துவையுங்கள். வீட்டுக்கு வரும் வழி, அடையாளம், அப்பா சாப்பிடும் மாத்திரைகள், அலர்ஜி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களுக்கு அந்தத் தாள் போதும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு, முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.