நாஸ்டால்ஜியா: பழைய பெயர் சுமக்கும் பனிவண்டிகளை வைத்து ஒரு சொல் விளக்கம்

1990-களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் யமஹாவின் எஸ்ஆர்எக்ஸ் 700 வேகமா, ஆர்க்டிக் கேட்டின் தண்டர்கேட் வேகமா என்ற வாக்குவாதம் வராமல் இருக்காது. இரண்டுமே மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். உறைந்த ஏரியின் மேல் நேர்கோட்டில் பறப்பதற்கென்றே செய்தவை. அப்புறம் டூ ஸ்ட்ரோக் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது, வாங்குகிறவர்களின் ருசியும் மாறியது, இரண்டு பெயரும் கடைகளிலிருந்து காணாமல் போயின. பல வருடம் கழித்து ஆர்க்டிக் கேட் தண்டர்கேட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020 மாடலாக யமஹாவும் எஸ்ஆர்எக்ஸை எழுப்பியது, சைட்வைண்டர் எஸ்ஆர்எக்ஸ் என்று.

வேடிக்கை என்னவென்றால், மேலே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இந்த இரண்டு பழைய பகையாளிகளும் கிட்டத்தட்ட ஒரே வண்டி. இரண்டிலும் யமஹாவின் 998 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் டர்போ என்ஜின், அடியில் ஆர்க்டிக் கேட்டின் சட்டகம், இரண்டையும் பூட்டி அனுப்பியது மினசோட்டாவில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற ஒரே ஊரின் ஒரே ஆலை. (திருட்டு ஆற்று அருவி! ஊர்ப்பெயரே தனியாக ஒரு சொல் விளக்கம் கேட்கிறது, அது வேறு நாளைக்கு.)

இந்த மாதிரி பெயர் வைப்பதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: நாஸ்டால்ஜியா. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரிகிறது. பழமை ஏக்கம் என்று போடலாமா? சரி, ஏக்கம் யாருக்கு, எதன்மேல்? வண்டியின் மேலா, பெயரின் மேலா, இல்லை அதை ஓட்டிய வயதின் மேலா?

சொல்லின் பிறப்பிலேயே இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. பார்ப்பதற்குப் பழைய கிரேக்கச் சொல் போலத் தோன்றினாலும் பழைய கிரேக்கர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக ஒட்டுப்போட்ட சொல் இது. நோஸ்தோஸ் என்றால் வீடு திரும்புதல். அல்கோஸ் என்றால் வலி. நியூரால்ஜியா, மையால்ஜியா என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறாரே, அதே ஆல்ஜியாதான் இதிலும். ஆக ஹோஃபருக்கு இது நோயின் பெயர், கவிதைக்கான சொல்லே கிடையாது. ஊரை விட்டு வந்தவர்கள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் காய்ச்சலில் உருகுவதைப் பார்த்து எழுதினார். பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவன் சாகக் கிடந்தான், ஊருக்கு அனுப்பலாம் என்று முடிவாகி வண்டியில் ஏற்றியதும் வழியிலேயே தேறிவிட்டான் என்று ஒரு நேர்வும் அந்த ஏட்டில் வருகிறது. ஜெர்மன் பேசுகிறவர்கள் அதற்கு முன்பே ஹைம்வே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதாவது வீட்டுவலி. அதற்கு டாக்டர் பட்டம் கட்டியதுதான் ஹோஃபர் செய்த வேலை.

அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குச் சண்டை போட்ட சுவிஸ் வீரர்களைத்தான் இது அதிகம் தாக்கியது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். மாடு மேய்க்கும் பாட்டு காதில் விழுந்தால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள் என்பதால் அந்தப் பாட்டுக்கே தடை இருந்ததாக ரூசோ எழுதியிருக்கிறார். ஷாய்க்ட்சர் என்ற இன்னொரு சுவிஸ் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், மலையில் வாழ்ந்தவன் கீழே இறங்கும்போது கூடுகிற காற்றழுத்தம்தான் காரணம் என்றார். சிரிப்பு வருகிறது, ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போர் வரைக்கும் ராணுவ மருத்துவர்கள் நாஸ்டால்ஜியாவை நோய்ப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதில் சரியான இடத்தைத் தொட்டவர் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் என்பது என் எண்ணம். ஊர் ஏக்கத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் அங்கே போய் ஏமாந்து நிற்கிறார்கள், ஊர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அவர்கள் தேடியது அங்கே கழித்த இளவயதை, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று 1798-இல் வெளியான மானிடவியல் நூலில் சொல்கிறார். இடத்துக்கான வலி காலத்துக்கான வலியாக மெல்ல நழுவியது இப்படித்தான். இன்றைக்கு நாஸ்டால்ஜியா என்று சொல்கிற யாரும் ஊர் ஏக்கத்தை நினைப்பதில்லை, அதற்கு ஆங்கிலத்தில் ஹோம்சிக்னெஸ் என்று வேறு சொல் வந்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். ஹோஃபர் சொன்ன அந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் 'ஊர் ஏக்கம்' இருக்கிறது, பேச்சில் 'ஊர் நினைப்பு வந்துருச்சு' என்றால் போதும். இன்றைய பொருளுக்குத்தான் ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். 'மலரும் நினைவுகள்' பத்திரிகைத் தலைப்பாகவே தேய்ந்துபோன சொல், அதில் வலி கொஞ்சமும் இல்லை. 'கழிவிரக்கம்' என்பதைப் பிரித்துப் பார்த்தால் கழிந்ததற்கு இரங்குதல், அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் வழக்கில் அது செய்த தவறுக்கு வருந்துவது, தன்மேலேயே பரிதாபப்படுவது என்று வேறு பக்கம் போய்விட்டது, இனி இழுத்துப் பிடிக்க முடியாது. 'நனவிடை தோய்தல்' அழகு. ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தன் யாழ்ப்பாண நினைவுகளை எழுதிய நூலுக்கு வைத்த பெயர், அங்கிருந்து கிளம்பி நாஸ்டால்ஜியாவுக்கு ஈடான சொல்லாகவே பலர் எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. தோய்தல் என்பதில் நனைந்து ஊறுகிற சுகம் இருக்கிறது. ஆனால் அது தானாக உட்கார்ந்து ஒருவர் தனக்குள் செய்கிற காரியம், ஒரு கம்பெனி விளம்பரம் போட்டு நமக்குள் கிளப்பிவிடுவதை 'தோய்தல்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கு 'நினைவேக்கம்' போதும். நினைவும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்தது விண்டேஜ். இதில்தான் எனக்கு ஒரு சின்னப் புதையல் கிடைத்தது. விண்டேஜ் என்ற சொல் லத்தீன் விண்டேமியாவிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வருகிறது, பொருள் திராட்சை அறுவடை. பிறகு குறிப்பிட்ட ஒரு வருடத்து அறுவடையில் செய்த மது, பிறகு நாளாகி ருசி ஏறிய நல்ல மது, கடைசியில் பழையதாகி மதிப்புக் கூடிய எதுவும். கார் என்றால் பிரிட்டனில் 1919 முதல் 1930 வரை செய்ததைத்தான் விண்டேஜ் என்பார்கள். ஸ்னோமொபைலில் அவ்வளவு கறார் இல்லை, 1970-களின் வண்டியைக்கூட விண்டேஜ் ஸ்லெட் என்றுதான் சொல்கிறார்கள் (ஓட்டுகிறவர்கள் வாயில் அது எப்போதுமே 'ஸ்லெட்'தான், கனடாவின் கியூபெக்கில் மோட்டோநேஜ், அலாஸ்காவில் ஸ்னோமெஷின்).

மதுவிலிருந்து வந்த சொல்லுக்கு மதுவிலிருந்தே ஒரு தமிழ் இருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் 'தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேள் கொட்டினாற்போல் கடுக்கும், நாள் பல வைத்து முதிர்ந்த கள். நாட்படு! விண்டேஜுக்கு இதைவிட நேரான சொல் ஏது? ஆனால் நாள்பட்ட என்ற அதே சொல்லை இன்றைக்கு நாம் எங்கே வைத்திருக்கிறோம் பாருங்கள்: நாள்பட்ட இருமல், நாள்பட்ட சர்க்கரை நோய். அங்கே நோயாக இருந்த சொல் ஏக்கமாகிவிட்டது, இங்கே கள்ளாக இருந்த சொல் நோயாகிவிட்டது. 'நாட்படு வண்டி' என்று எழுதினால் ரிப்பேர் வண்டி என்று நினைப்பார்கள். அந்த வண்டிகளைப் பொறுத்தவரை அதுவும் பொய்யில்லை, ஸ்பார்க் பிளக்கும் டிரைவ் பெல்ட்டும் உபரியாக எடுத்துக்கொள்ளாமல் காட்டுக்குள் போகிறவனை அப்போது யாரும் புத்திசாலி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பெயர்களின் மேல் இவ்வளவு ஏக்கம் ஏன் என்று தெரிய அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசஃப்-அர்மாண்ட் பொம்பார்டியர் 1959-இல் ஸ்கி-டூ என்ற பனிவண்டியைக் கொண்டுவந்தார். 1934 பனிக்காலத்தில் சாலை அடைபட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் சின்ன மகனைப் பறிகொடுத்தவர் அவர். நாய் இழுக்கும் வண்டிக்குப் பதிலாக வருவதால் ஸ்கி-டாக் என்று வைக்க நினைத்ததாகவும் எழுத்துப் பிழையில் ஸ்கி-டூ ஆனதாகவும் ஒரு கதை சொல்வார்கள், பிழையோ இல்லையோ கனடாவில் எந்தக் கம்பெனி வண்டியையும் ஸ்கி-டூ என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஓடியது. 1970-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த வண்டியைச் செய்தன. டிராக்டர் செய்த ஜான் டியர், மோட்டார் சைக்கிள் செய்த ஹார்லி-டேவிட்சன் எல்லோரும் இறங்கினார்கள். 1971-இல் மட்டும் விற்றவை 5 லட்சத்தை நெருங்கின. அப்புறம் எண்ணெய் நெருக்கடி, பனி சரியாகப் பெய்யாத வருடங்கள், ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டினார்கள். ரப், ஸ்கார்ப்பியன், மோட்டோ-ஸ்கி என்ற பெயர்களுக்கு இன்றைக்கு வாரிசு இல்லை. விஸ்கான்சினில் ஈகிள் ரிவர் ஊரில் பழைய வண்டிகளுக்கென்றே நடத்தும் பந்தயங்களில்தான் அவை உயிரோடு இருக்கின்றன. அங்கே நடப்பதைத் தாராளமாக நனவிடை தோய்தல் என்று எழுதலாம்.

மிஞ்சிய நிறுவனங்கள் செய்வதுதான் வேறு. போலாரிஸ் 1980-இல் இண்டி என்ற பெயரை முதலில் வைத்தபோது முன்பக்கம் இரண்டு சறுக்குகளும் தனித்தனியாக மேடுபள்ளம் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் புதுசு, பெயருக்குப் பின்னால் ஒரு பொறியியல் இருந்தது. பல வருடம் தூங்கிய அந்தப் பெயர் 2013 மாடலில் திரும்பியபோது தனித்தனி சஸ்பென்ஷன் எல்லா வண்டியிலும் சாதாரணம். யமஹாவின் ஃபேஸர் 1984-இல் எடை குறைந்த டூ ஸ்ட்ரோக், 2007-இல் திரும்பி வந்த ஃபேஸர் ஃபோர் ஸ்ட்ரோக். பெயர் மட்டும் அதே, மற்றதெல்லாம் வேறு. இதில் சட்டத்துக்கும் பங்கு இருக்கலாம்: அமெரிக்காவில் ஒரு வணிகப் பெயரைத் தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாவிட்டால் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ள வழி உண்டு, ஆகவே பெட்டியில் இருக்கும் பெயரை அவ்வப்போது எடுத்து வெயிலில் காயப்போடுவதில் கம்பெனிக்கு லாபம்தான்.

இந்தப் பழக்கத்துக்கு 'பெயர் புத்துயிர்ப்பு', 'மீட்டுருவாக்கம்' என்றெல்லாம் மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை, உயிர் எதுவும் திரும்பவில்லையே. தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டு பிறந்த வேறு ஆள்தான் வந்திருக்கிறான். அதற்குத் தமிழில் பழைய சொல் தயாராக இருக்கிறது: பெயரன். பேரன் என்று நாம் சொல்வது அதன் தேய்வு, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதுதான் அதன் பொருள். பெயர்த்தி பேத்தி ஆனதும் அப்படியே. ஆகவே 2013 இண்டியைப் 'பெயரன் வண்டி' என்று எழுதுவேன், 'பெயரன் முறையில் வைத்த பெயர்' என்று விளக்கிவிட்டால் யாருக்கும் புரியும். பேரனுக்குத் தாத்தாவின் மூக்கு இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் கூப்பிடும்போது பாட்டிக்குத் தொண்டை அடைக்கும். கம்பெனிகள் நம்புவது அந்தத் தொண்டையைத்தான்.

இப்படிப் பார்த்தால் எஸ்ஆர்எக்ஸ், தண்டர்கேட் கதை இன்னும் ருசியாகிறது. பகையாளி வீட்டுத் தாத்தாக்கள் இருவரின் பெயரை ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையருக்கு வைத்த கதை. இத்தனைக்கும் பழைய தண்டர்கேட்டின் என்ஜினும் சுசுகி செய்து கொடுத்ததுதான், அந்தத் தாத்தாவும் முழுக்கச் சொந்த ரத்தம் இல்லை. 2023-இல் யமஹா ஸ்னோமொபைல் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்து 2025 மாடலோடு வட அமெரிக்காவிலும் நிறுத்திக்கொண்டது. எஸ்ஆர்எக்ஸ் பெயர் இரண்டாவது தடவையாக அனாதையாகிவிட்டது, இனி எங்காவது பழைய எஸ்ஆர்எக்ஸ் 700 கிளம்பும்போது வரும் நீலப் புகையை மூக்கில் இழுத்துக்கொண்டு நிற்கிறவருக்கு மேலே சொன்னவற்றில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள், நாஸ்டால்ஜியாவை மட்டும் விட்டுவிடுங்கள்.