பட்டறைக் கழிவு பாதாளச் சாக்கடையில் வருகிறதா? புகார் கொடுக்கும் முன் படியுங்கள்

முலாம் பூசும் பட்டறை அமிலத்தையோ சாயக் கழிவையோ ராத்திரியில் உங்கள் தெருப் பாதாளச் சாக்கடையில் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்லிப் போனால், "எஸ்டிபிக்குத்தானே போகுது, அங்கே சுத்தமாகிடும்" என்பார்கள். நம்பாதீர்கள். எஸ்டிபி என்கிற அந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுவது பாக்டீரியாவை வைத்து. மலஜலத்தை அது தின்னும், குரோமியத்தையும் ஈயத்தையும் தின்னாது. கொஞ்சம் சேற்றில் தங்கும் (எரு என்று சும்மா கொடுத்தாலும், உலோகச் சோதனை ரிப்போர்ட் பார்க்காமல் வயலுக்கு வாங்காதீர்கள்), மிச்சம் ஆற்றுக்குப் போகும்.

அடுத்து, "எல்லாம் வரம்புக்குள்" என்று நிலையத்தின் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். 2017இல் மத்திய அரசு எஸ்டிபிகளுக்கு வைத்த வரம்பில் பிஎச் (அமில-காரத் தன்மை), பிஓடி (கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), கரையாமல் நீரில் மிதக்கும் திடப்பொருள், மலக் கோலிஃபார்ம் (மலக் கிருமி), இவ்வளவுதான். உலோகமே கிடையாது. சோதிக்காதது எப்படி வரம்பு தாண்டும்?

அதனால் பட்டறை வாசலிலேயே பிடிக்க வேண்டும். 1974 நீர்ச் சட்டம் ஆறு, கிணற்றோடு சாக்கடையையும் சேர்த்தே சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) இல்லாமல் கழிவை விடக்கூடாது. இசைவாணை நிபந்தனைகள் எழுதிய பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் யாரும் பார்க்கலாம் என்று அந்தச் சட்டத்தில் பிரிவு 25(6) இருக்கிறது. கேட்டால் முறைப்பார்கள், கேளுங்கள்.

பலர் ஏமாறும் இடம் இது: பொது வரம்பில், லிட்டருக்கு ஈயம் நீர்நிலையில் விட 0.1 மில்லிகிராம், சாக்கடையில் விட 1 மில்லிகிராம். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) நீர்நிலைக்கு 0.1, சாக்கடைக்கு 2. ஆனால் இந்தச் சலுகை, சாக்கடை உயிரியல் சுத்திகரிப்பு உள்ள நிலையத்துக்குப் போனால் மட்டும்தான். உங்கள் ஊர்க் குழாய் நேராக ஓடையில் விழுகிறது என்றால் நீர்நிலை வரம்புதான். அதை மனுவிலேயே எழுதுங்கள்.

மாநகராட்சி "பொல்யூஷன் போர்டைப் பாருங்க" என்னும், போர்டு "சாக்கடை அவங்களோடது" என்னும். ஒரே மனுவை ஒரே நாளில் கமிஷனருக்கும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சென்னை என்றால் குடிநீர் வாரியத்துக்கும் ஒன்று. போனில் சொன்னதும் வாட்ஸப்பில் அனுப்பியதும் பிறகு "அப்படி எதுவும் வரலையே" ஆகிவிடும்.

நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீரை ஆய்வகத்தில் காசு கட்டிச் சோதித்தாலும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீர்ச் சட்டம் பிரிவு 21 படி வாரிய அதிகாரி, பட்டறைக்காரருக்குத் தெரிவித்து, சீல் வைத்து எடுத்த மாதிரிதான் செல்லும். கழிவு வரும் நேரத்தை மனுவில் குறிப்பிடாவிட்டால் பகல் பதினொரு மணிக்கு வந்து தெளிந்த தண்ணீரை எடுத்துப் போவார்கள்.

ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காதீர்கள். இசைவாணை, ஆய்வறிக்கை, சோதனை முடிவு, இவற்றின் நகல் கேளுங்கள். 10 ரூபாய், 30 நாள்.

பதிலுக்காகக் காத்திருப்பதுதான் பெரிய பொறி. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடும், அதற்கு மேல் இல்லை. இழப்பீட்டுக்கு மட்டும் ஐந்து வருடம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.